ஆறு மணிக்கு மேல் ஒலித்த செட்

எங்கள் குடும்பத்தில் யாரும் காவல் நிலையத்தின் படி ஏறியதில்லை என்று சொன்னால் அது பொய். மாதத்தில் நாலைந்து தடவை ஏறுவோம். மைக்செட் தொழில் அப்படி. கூட்டம் நடத்துகிறவர்கள் அனுமதி கேட்டு மனு கொடுத்தால், ஒலிபெருக்கி யாருடையது, பெட்டிகளை எந்தப் பக்கம் பார்த்து வைப்பீர்கள் என்று கேட்க எங்களையும் கூப்பிடுவார்கள். அனுமதிக்காகப் போகிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகலாம். புகார் என்பது வேறு சங்கதி. புகார் கொடுக்கவும் சரி, புகாருக்குப் பதில் சொல்லவும் சரி, எங்கள் வீட்டார் அங்கே போய் நின்றதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தோடு அது போயிற்று. போனதற்கு நான் அழவில்லை. அன்று எங்களுக்கு உதவிய இரண்டு பேருக்கு இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை. அந்தக் கடனைத்தான் இப்போது எழுதித் தீர்க்கிறேன்.

தொழிலைத் தொடங்கியவர் என் அண்ணன். அவருடைய சொந்தப் பெயரை வீட்டாரே மறந்திருப்போம். எல்லாருக்கும் அவர் 'சவுண்டு'. உரிமம் இன்றைக்கும் அவர் பெயரில்தான். நடத்துவது அவர் மகன். பெட்டி தூக்குவது ஒன்றைத் தவிர மற்ற எல்லா வேலையையும் மருமகள் பார்த்துக்கொள்வாள் என்று எழுத நினைத்தேன். அதுவும் சரியில்லை, ஆள் வராத நாளில் பெட்டியையும் அவள்தான் தூக்குவாள். நான் மாடியில் இருக்கிறேன். என் மனைவி போன பிறகு எனக்குச் சாப்பாடு கீழே அவர்களோடு.

அண்ணனுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, செட் ஊளையிடக் கூடாது. மைக்கைப் பெட்டிக்கு எதிரே காட்டினால் பெட்டியின் சத்தமே மைக்குக்குள் திரும்பப் புகுந்து 'கீய்ங்' என்று காதைக் கிழிக்கும். அதைத்தான் ஊளை என்போம். அது காதில் விழுந்தால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு கல்யாண வீட்டில், வேறொருவருடைய செட், பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு எழுந்து போய் இடது கையால் திருகிச் சரிசெய்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். இன்னொன்று, அனுமதி நேரம் முடிந்தால் அணைத்துவிட வேண்டும். பேசுகிறவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் சரி. ஒரு பெரிய மனிதர் 'இறுதியாக ஒன்று' என்று வாயைத் திறந்த நிலையிலேயே நிற்க, அண்ணன் அணைத்திருக்கிறார். "இறுதியா ஒண்ணுன்னு அவர் சொல்றது இது அஞ்சாவது தடவை" என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். இதனால்தான் எங்கள் செட் என்றால் காவல் நிலையத்தில் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள்.

கொஞ்ச காலமாக அண்ணனுக்கு எல்லாம் நழுவுகிறது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மனிதர்கள். மருமகளை ஒருநாள் "நீங்க எந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கீங்க?" என்று மரியாதையாக விசாரித்தார். இது வெளியே தெரியக் கூடாது என்று நான்தான் சொல்லிவைத்தேன். யாராவது கேட்டால் காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லுங்கள் என்றேன். சவுண்டுக்குக் காது மந்தமா என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. நினைவு சரியில்லாதவர் பெயரில் உரிமம் இருக்கலாமா என்று ஒரு வாய் கேட்டுவிட்டால் அந்த வீட்டு அடுப்பு என்ன ஆகும்? அதைவிட, நாற்பது வருஷம் நிமிர்ந்து நடந்த மனிதரை நாலு பேர் பரிதாபமாகப் பார்ப்பதை நான் பார்க்க வேண்டுமா?

அந்தச் சனிக்கிழமை, பேருந்துத் தடத்தை நிறுத்தியதைக் கண்டித்துக் குடியிருப்போர் சங்கம் மைதானத்தில் கூட்டம் போட்டது. பக்கத்தில் ஆஸ்பத்திரி இருப்பதால் நிபந்தனைகள் அதிகம். பெட்டிகள் மைதானத்துக்கு உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் போக ஒரு பாதை விட்டுக் கயிறு கட்ட வேண்டும். ஒலி ஆறு மணிக்கு நிற்க வேண்டும். இவற்றைக் கூட்டத்தின் தொடக்கத்தில் மைக்கில் வாசிப்பது மருமகள் வேலை. அவள் குரல் தண்ணீர் ஊற்றுவது போல ஒரே சீராக வரும். "குழந்தைகளையோ பெரியவர்களையோ காணவில்லை என்றால் உடனே பணியில் உள்ள காவலரிடம் தெரிவிக்கவும்" என்பதையும் அன்று அவளே வாசித்தாள்.

காலையிலிருந்தே தூறல். பெட்டிகளுக்குத் தார்ப்பாய் போர்த்தி, ஒயர் போகிற வழியெல்லாம் செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளியை ஒரு மேஜை மேல் வைத்து மேஜைக்குக் குடை கட்டினான் மகன். ஆம்ப்ளிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் அண்ணன். சட்டைப் பையில் டெஸ்டர். அங்கே உட்கார்ந்துவிட்டால் அவருக்கு எதுவும் மறக்காது போல முகம் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கூட்டிப்போவோம். மத்தியானம் பன்னும் டீயும் வந்தது. பன்னை டீயில் முக்கி முக்கித் தின்றார். "பேஸ் ஜாஸ்தியா இருக்கு, குறைடா" என்று மகனைத் திட்டினார். அவன் அந்தக் கனத்த சத்தத்தைக் குறைத்தான். ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

ஆறு அடிக்கும்போது அணைத்தாயிற்று. கூட்டம் கலைந்தது. நான் மடக்கு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மகன் ஈர ஒயரைத் துணியால் துடைத்துத் துடைத்து உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். மருமகள் மைக் ஸ்டாண்டைக் கழற்றிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள்.

"மாமா எங்க?"

நாற்காலி காலி. அதன்மேல் பாதிப் பன்.

மேடைக்குப் பின்னால் பார்த்தோம். கழிப்பறையில், பேருந்து நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தோம். கலைந்து போகும் கூட்டத்தில் எல்லாக் கிழவர்களும் முதுகுப் பக்கத்திலிருந்து அண்ணனாகவே தெரிந்தார்கள். மைதானத்து வாசலில் ஒரு காவலர் தடுப்புகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மருமகள் அவரைப் பார்த்து நடந்தாள்.

"நில்லும்மா" என்றேன்.

"ஏன் சின்ன மாமா?"

"என்னன்னு சொல்லுவ? வளர்ந்த மனுஷன் வழி தெரியாமப் போயிட்டாருன்னா? அப்புறம் என்ன ஏதுன்னு கேப்பாங்க. இங்கதான் இருப்பாரு. பார்ப்போம்."

"இருட்டப் போகுது. மழை வேற."

"நம்ம வீட்டு விஷயத்த ரோட்டுல வைக்காத."

காவலர் வண்டி போய்விட்டது. அவள் என்னை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மகன் சுற்றிய ஒயரை மறுபடி பிரிக்க ஆரம்பித்தான்.

"என்னடா பண்ற?"

"பேரைச் சொல்லி மைக்ல கூப்பிட்டா அவருக்கு அது தன் பேருன்னு தெரியப் போறதில்ல, சித்தப்பா. ஆனா ஒண்ணுக்கு வருவாரு."

ஆம்ப்ளியைப் போட்டான். இரண்டு பெட்டிகளை வெளிப்பக்கம் திருப்பினான். மைக்கை எடுத்துப் போய் ஒரு பெட்டியின் வாய்க்கு நேரே பிடித்தான்.

நான் என் ஆயுளில் கேட்ட மோசமான சத்தம் அது. பல் கூசியது. நாய்கள் குரைத்தன. மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாக எழும்பின. கொஞ்ச நேரம் ஊளையிட விட்டு அணைப்பான், நான்கு பக்கமும் பார்ப்பான், மறுபடி போடுவான். அண்ணன் கடை செட் ஊளையிடுகிறது, அதுவும் ஆறு மணிக்கு மேல்! ஜன்னல்கள் திறந்தன. யாரோ மாடியிலிருந்து நல்ல வார்த்தைகளாகச் சிலவற்றைச் சொன்னார்கள். அவன் முகத்தில் மழைத் தண்ணீர் வழிய, மைக்கை நெஞ்சோடு பிடித்தபடி நின்றான்.

அண்ணன் வரவில்லை. ஜீப் வந்தது.

"அனுமதி எத்தனை மணி வரைக்கும்?" என்றார் இறங்கிய காவலர்.

"ஆறு சார்."

"இப்ப மணி என்ன? பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு, கண்ணு தெரியலையா? புகார் வந்திருக்கு. செட்டக் கழட்டு."

ஆம்ப்ளியும் மைக்கும் ஜீப்பில் ஏறின. "மழை படாம வைங்க சார்" என்று சொல்லிவிட்டு அவனும் ஏறினான். நானும் மருமகளும் பின்னாலேயே நடந்தோம். வழியெல்லாம் அவள் ஒவ்வொரு சந்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் தலைமைக் காவலரை ரைட்டர் அம்மா என்போம். எங்கள் அனுமதித் தாள்களையெல்லாம் முத்திரை வைத்துத் தருபவர் அவர்தான். மகனைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னப்பா இது? சவுண்டு கடையா? நான் வேற யாரோன்னு நெனச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கூட்டம் நீட்டிட்டாங்களா?"

"இல்லம்மா. கூட்டம் ஆறுக்கே முடிஞ்சது."

"அப்புறம் யாருக்கு ஓட்டின?"

அவன் என்னைப் பார்த்தான். சொல்லாதே என்பது போல நான் கண்ணை எடுக்கவில்லை.

"செட்டு ரிப்பேரு" என்றான்.

"முக்கால் ஊரு கேக்கற மாதிரியா ரிப்பேர் பாப்பாங்க? இங்க பாரு, உங்க கடை மேல ஒரு புகார்கூடக் கிடையாது. காரணம் இருந்தா சொல்லு. காரணமில்லாம எழுதினா உரிமத்துக்கே நோட்டீஸ் போகும்."

மழை ஓட்டின்மேல் பெரிதாகக் கேட்டது. மருமகள் என் பக்கத்தில் நின்றவள் இரண்டடி முன்னால் போய் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"புகார் கொடுக்கணும்மா."

"யார் மேல?"

"யார் மேலயும் இல்ல. என் மாமனாரக் காணோம். கூட்டத்துலேர்ந்து காணோம்."

"எப்பலேர்ந்து?"

"ஆறு மணிலேர்ந்து."

ரைட்டர் அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "காணலைன்னா காவலர்கிட்ட உடனே சொல்லணும்னு நீயே மைக்ல வாசிப்பியேம்மா. எத்தனை கூட்டத்துல கேட்டிருக்கேன்."

"இன்னைக்கும் வாசிச்சேன்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அவள் மறந்தாள் என்றே அங்கே எல்லாரும் நினைத்திருப்பார்கள். வாசிக்கிறவர்களுக்கு அது ஊருக்குச் சொல்வது. நமக்கு என்று தோன்றாது. கோவில் மணி அடிக்கிறவன் கும்பிட மறப்பது மாதிரி. அவளை நிறுத்தியது நான் என்று அவள் சொல்லவில்லை. நானே சொன்னேன். "நான்தான் வேண்டாம்னேன்" என்றேன். ரைட்டர் அம்மா புதுத் தாளை எடுத்தார். என்ன சட்டை, என்ன உயரம் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "ஞாபகம் எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"இல்லம்மா" என்றாள் மருமகள்.

"மனநிலை சரியில்லாதவர்னு எழுதக் கூடாது" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "என் அண்ணன அப்படி எழுதிக் கையெழுத்துப் போட நான் விட மாட்டேன்."

"பெரியவரே, உக்காருங்க."

"நிக்கிறேன்."

"சரி, நின்னுக்கிட்டே கேளுங்க. நான் அப்படி எழுதுறேன்னு சொன்னேனா? கூப்பிட்டா திரும்பிப் பாப்பாரா, விலாசம் கேட்டா சொல்வாரா, இது தேடிப் போறவனுக்குத் தெரியணும். உங்க அண்ணன் ரொம்ப கௌரவமானவர்னு எழுதிக் கொடுத்தா என் ஆளுங்க யாரைத் தேடுவாங்க? இந்த ரோட்டுல போற அத்தனை பேரும் கௌரவமானவங்கதான்."

ஓரத்தில் நின்ற இளம் காவலர் சிரிப்பை அடக்கினார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த அம்மாள் எழுதியதைத் திருப்பி எனக்குக் காட்டினார்: 'வயது முதிர்ந்தவர். வழி தவறியுள்ளார். பெயர் சொல்லி அழைத்தால் பதில் தராமல் இருக்கலாம். மரியாதையுடன் அழைத்து வரவும்.' கடைசி வரியை யாரும் கேட்காமலே அவரே சேர்த்திருந்தார். நான் உட்கார்ந்தேன்.

"இன்னொண்ணும் எழுதிக்கங்கம்மா" என்றேன். "சட்டைப் பையில டெஸ்டர் இருக்கும். எங்கயாவது சத்தம் சரியில்லைன்னா, அது யார் வீடா இருந்தாலும், உள்ள போயிடுவாரு. சரிபண்ணாம வர மாட்டாரு."

ரைட்டர் அம்மா பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மூலையில் தார்ப்பாயோடு இருந்த ஆம்ப்ளியைப் பார்த்தார்.

"அதுக்குத்தான் அப்படிக் கத்த விட்டியா?"

"ஆமாம்மா" என்றான் மகன். "வந்துடுவாருன்னு நெனச்சேன். பாதியில நின்னு போச்சு."

"நாங்க வந்து நிறுத்திட்டோம்." ஒரு பெருமூச்சு விட்டார். "வந்துக்கிட்டே இருந்திருந்தா, சத்தம் நின்னப்போ இருந்த எடத்துலயே அவரும் நின்னிருப்பாரு. புகார் கொடுத்தவர் வீடு மைதானத்துக்குப் பின்னாலதான். அவரக் கேப்போம்."

எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தொலைபேசியை மேஜையில் வைத்துப் பேசினார். மறுமுனையில் எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"கையெழுத்துக்குத்தானே? இப்ப வர முடியாதும்மா. நடுராத்திரி எந்திரிச்சு ரொட்டி போடுறவன் நான். சாயங்காலம் தூங்கினாத்தான் உண்டு. அந்தக் கீய்ங்குச் சத்தம் எழுப்பி விட்டுச்சு. அது நின்னுச்சேன்னு பாத்தா, இங்க ஒரு பெரியவர் என் கடைக்குள்ள வந்து நின்னுக்கிட்டு என்னையத் திட்டுறாரு!"

மருமகள் என் தோளைப் பிடித்தாள்.

"என்ன திட்டுறாரு?" என்றார் ரைட்டர் அம்மா.

"தூக்கம் போச்சேன்னு மாவு பிசையற மிஷினப் போட்டேன். அது கீச்சு கீச்சுன்னு சத்தம் போடுமா, 'எந்த மடையன்டா இந்தச் செட்டப் போட்டது'ன்னு கேக்குறாரு. நல்ல மாதிரிதான் தெரியுது. முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் பாத்தா தொப்பலா நனைஞ்சிருந்தாரு. துண்டக் குடுத்து, டீ குடுத்து உக்கார வச்சேன். அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள மிஷின் மூடியக் கழட்டிட்டாரு. ஸ்குரூ எல்லாம் அவர் பையில இருக்கு, கேட்டா தர மாட்டேங்குறாரு. நீங்க வந்து வாங்கிக் குடுங்க!"

"பையில டெஸ்டர் இருக்கா?"

"அதாலதானே கழட்டினாரு!"

மகன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ரொட்டி வண்டியிலேயே கூட்டிக்கொண்டு வந்தார் அந்த மனிதர். முன் இருக்கையில் அண்ணன், மேலே ஒரு மாவுச் சாக்கு போர்த்தியபடி, அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தார். இறங்கியதும் மருமகள் அவர் தலையைத் துவட்டினாள். "நல்லா இருக்கியாம்மா?" என்றார் அவளிடம். யார் என்று தெரிந்து கேட்டாரா, மரியாதைக்குக் கேட்டாரா தெரியாது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ரொட்டிக்காரர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "முன்னாடியே தெரிஞ்சா நான் புகார் சொல்லியே இருக்க மாட்டேனே. புகாரத் திருப்பி வாங்கிக்கறேன்மா."

"வேண்டாம்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீங்க புகார் கொடுக்கலைன்னா இவங்களுக்கு உங்க நம்பர் தெரிஞ்சிருக்காது. எங்க அண்ணன் ராத்திரி பூரா உங்க மிஷினக் கழட்டிக்கிட்டு இருந்திருப்பாரு. அது ஒண்ணு. ரெண்டாவது, நாங்க பண்ணினது தப்புதான். நேரம் தாண்டி ஓட்டியிருக்கோம், ஆஸ்பத்திரிப் பக்கம். எங்க கடையில அதுக்கு மன்னிப்புக் கிடையாது. புகார் புகாராவே இருக்கட்டும்."

"பெரியவர் விறைப்பா இருக்காரே" என்றார் ரொட்டிக்காரர்.

"எப்பவும் அப்படித்தான்" என்றாள் மருமகள். அழுத கண்ணோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்னை மன்னித்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டேன்.

காரணம் இருப்பதால் எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு முடித்துக்கொள்ளலாம், செட்டை எடுத்துப் போகலாம் என்றார் ரைட்டர் அம்மா. உரிமத்தை மகன் பெயருக்கு மாற்ற ஒரு மனு போதும், திங்கட்கிழமை வாருங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றார். இத்தனை காலம் நான் பயந்து பொத்தி வைத்தது ஒரு மனுவுக்குள் அடங்குகிற விஷயம். அதை அவர் எனக்கு வலிக்காதபடி சொன்னார்.

"இன்னைக்கு மட்டும் உரிமக்காரர் கையெழுத்துப் போடணும்."

தாளை அண்ணன் முன்னால் வைத்தார்கள். சட்டைப் பையில் கைவிட்டுப் பேனா தேடினார். டெஸ்டர் வந்தது, ஸ்குரூக்கள் வந்தன, மேஜையில் உருண்டன. ரொட்டிக்காரர் பொறுக்கிக்கொண்டார். ரைட்டர் அம்மா தன் பேனாவைக் கொடுத்தார். அண்ணன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்தார். எந்தத் தாளையும் படிக்காமல் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. விரல் ஒரு வரியில் நின்றது.

"ஆறு மணிக்கு மேல யாருடா செட்ட ஓட்டினது?"

ரைட்டர் அம்மா மகனைப் பார்த்தார்.

"நான்தான்பா" என்றான் மகன்.

"ஆஸ்பத்திரி இருக்கிற எடத்துல? அறிவிருக்கா? நோயாளி தூங்க வேண்டாமா? இதையாடா உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

"தப்புத்தான்பா."

"அதுவும் ஊளை விட்டிருக்க! என் செட்டுல!"

"இனிமே பண்ண மாட்டேன்பா."

நாற்பது வயதுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்று திட்டு வாங்கினான். கண்ணீர் தாடை வரைக்கும் வந்திருந்தது, துடைக்கக்கூட இல்லை. மற்ற இடங்களில் அப்பா தன்னைப் பார்த்து 'டா' போட்டுப் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. ஆம்ப்ளிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அது வரும். இங்கே காவல் நிலையத்தில், எல்லார் முன்னாலும், தன் மகன் என்று தெரிந்தே திட்டினார். ரைட்டர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். எதற்காக மகன் அப்படி ஊளை விட்டான் என்று அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சியாக நான் போட்டேன். கிளம்பும்போது ரைட்டர் அம்மா எழுந்து நின்றார், அண்ணனுக்காக. யாருக்கும் எளிதில் கை கூப்பாத நான் கூப்பினேன்.

திரும்பும்போதும் ரொட்டி வண்டிதான். பின்னால் ஆம்ப்ளியும் நாங்களும் காலி ரொட்டித் தட்டுகளும். சூடான ரொட்டி வாசனை தட்டுகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையிலேயே வந்து மிஷினை மாட்டித் தருவதாக மகன் சொல்ல, "கீச்சுச் சத்தமும் போகணும், இல்லைன்னா உங்கப்பா மறுபடி வந்துடுவாரு" என்றார் ரொட்டிக்காரர். முன் இருக்கையில் அண்ணன் கொஞ்ச நேரம் தெருவிளக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு திரும்பினார்.

"எந்தக் கூட்டத்துக்குப் போறோம்?"

திட்டியது, கையெழுத்து, எல்லாம் போய்விட்டிருந்தது.

"கூட்டம் முடிஞ்சிருச்சுப்பா. வீட்டுக்குப் போறோம்."

"செட்ட அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு."

"எத்தனை மணிக்கு?"

வண்டிக்குள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புகார் புகாராவே இருக்கட்டும் என்று சொன்னவன் நான். பொய் பொறுக்காதவன் என்று இந்த வீட்டில் எனக்குப் பேர்.

"ஆறு மணிக்கு அண்ணே" என்றேன். "அடிக்கும்போதே அணைச்சுட்டான்."

அண்ணன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.